மெட்டல்கோரில் கனமும் மெலடியும்: 'தி எண்ட் ஆஃப் ஹார்ட்ஏக்' ஆல்பத்தை முன்வைத்து

மெட்டல் என்கிற கனமான ராக் இசையைக் கேட்கும் இரண்டு நண்பர்கள் ஒரே ஆல்பத்தைப் பற்றிப் பேசினால் அது பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. "கோரஸ் வந்ததும் சினிமாப் பாட்டு மாதிரி ஆயிடுச்சு, ஹெவியே இல்ல" என்பார் ஒருவர். "அந்தக் கோரஸ் மட்டும்தான்டா பாட்டு, மீதி எல்லாம் கத்தல்" என்பார் மற்றவர். கோரஸ் என்றால் நம் பல்லவி போலத் திரும்பத் திரும்ப வரும் பகுதி.

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் இந்தச் சண்டை புதிதல்ல. ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து 90 சொச்சம். பெரிய மெட்டல் குழுக்களான அயர்ன் மெய்டன் 2007 மார்ச்சிலும் மெட்டாலிகா 2011 அக்டோபரிலும் பெங்களூரு அரண்மனை மைதானத்துக்கு வந்தார்கள். கச்சேரி கேட்டுவிட்டு ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் வீடு வந்துவிடலாம். வேலைக்கும் படிப்புக்கும் அந்தப் பக்கம் போய்வருகிறவர்கள் வழியாக இந்த இசை இங்கே வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் மெட்டல்கோர் என்ற வகை மட்டும் மெட்டல் ரசிகர்களையே குழப்புகிறது. இது ஹெவியா, மெலடியா, இரண்டையும் ஒட்டுப்போட்டதா?

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த கில்ஸ்விட்ச் எங்கேஜ் குழு 2004 மே மாதம் வெளியிட்ட 'தி எண்ட் ஆஃப் ஹார்ட்ஏக்'. கிருஷ்ணகிரி தனி மாவட்டமான அதே ஆண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், கனமும் மெலடியும் எப்படிச் சேர வேண்டும் என்பதற்கு நான் முதலில் கையில் எடுக்கும் ஆல்பம் இதுதான்.

மெட்டல்கோர் என்றால் என்ன?

இரண்டு ஆறுகள் கலந்த இடம். முதல் ஆறு ஹார்ட்கோர் பங்க். 1970களின் கடைசியில் அமெரிக்காவில் பிறந்தது. சின்னப் பாட்டு, வேகமான தாளம், கூட்டமாகக் கத்துவது, அலங்காரம் எதுவும் கிடையாது. இரண்டாவது மெட்டல். அதில் கித்தார் வித்தை, நுணுக்கமான டிரம்ஸ், நீளமான பாட்டு எல்லாம் உண்டு. 1990களில் எர்த் கிரைசிஸ், இன்டெக்ரிட்டி, கன்வெர்ஜ் போன்ற குழுக்கள் இரண்டையும் கலந்தன. அப்போது அந்தக் கலவையில் மெலடி அதிகம் கிடையாது.

மெலடி வந்தது சுவீடனின் கோதன்பர்க் நகரத்திலிருந்து. அட் தி கேட்ஸ் குழுவின் 'ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்' (1995), இன் ஃபிளேம்ஸின் 'தி ஜெஸ்டர் ரேஸ்' (1996) ஆகிய ஆல்பங்களில் குரல் கர்ஜிக்கும், கித்தார் பாடும். அமெரிக்க இளைஞர்கள் இவற்றைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டார்கள். ஹார்ட்கோரின் அடி, கோதன்பர்க்கின் கித்தார், அதன் மேல் பாடக்கூடிய ஒரு கோரஸ். இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் இன்று மெலோடிக் மெட்டல்கோர் என்கிறோம்.

கனம் என்பது சத்தம் அல்ல

வால்யூமைக் கூட்டினால் ஹெவி ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியென்றால் திருவிழா ஒலிபெருக்கியில் வரும் எந்தப் பாட்டும் ஹெவிதான். கனம் நான்கு இடங்களிலிருந்து வருகிறது.

1. சுருதி இறக்கம். சாதாரண கித்தாரில் மிகத் தடித்த கம்பி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 82 தடவை, அதிரும். இந்தக் குழு வழக்கமாகப் பயன்படுத்தும் 'டிராப் சி' சுருதியில் அது 65 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. மற்ற கம்பிகளை விடவும் அந்த ஒரு கம்பியைக் கூடுதலாகத் தளர்த்துவதால், ஒரே விரலைக் குறுக்கே வைத்துக் கனமான ஒலிக்கட்டு ஒன்றைப் பிடிக்க முடிகிறது. விரல் லேசானதும் கை வேகமாக ஓடுகிறது. மெட்டல்கோர் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கித்தார் வரி, அப்படிக் குதித்துக் குதித்துப் போவதற்கு இந்த வசதி பெரிய காரணம்.

2. டிஸ்டார்ஷன். கித்தார் ஒலியை ஆம்ப்ளிஃபயரில் தாங்க முடியாத அளவுக்கு ஏற்றி, அலையின் உச்சியை நசுக்குவது. நசுங்கிய அலையிலிருந்து புதிய ஒலிகள் முளைக்கின்றன.

3. பாம் மியூட். உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பி மேல் வைத்து வாசிப்பது. நீண்டு ஒலிக்க வேண்டிய ஸ்வரம் 'ஜக்' என்று வெட்டுப்படும். கித்தார் பாதி மேளமாகிவிடும்.

4. பிரேக்டவுன். வேகமாக ஓடிக்கொண்டிருந்த தாளம் திடீரென்று பாதியாக விரியும் இடம். கர்நாடக இசைப் பழக்கத்தில் சொன்னால் மேல்காலத்திலிருந்து கீழ்க்காலத்துக்கு இறங்குவது. உள்ளே ஓடும் துடிப்பு மாறுவதில்லை, அடிகளுக்கு நடுவே இடைவெளி கூடுகிறது. அந்த இடைவெளியில் கித்தாரின் அடியும் டிரம்ஸின் கால்மிதியும் ஒரே நேரத்தில் விழுகின்றன. மாரியம்மன் திருவிழாவில் பம்பைக்காரர் ஓட்டத்தை நிறுத்தி, ஒவ்வொரு அடியாக எடுத்து வைக்கும்போது கூட்டத்தின் தோள் தானாக அசையுமே, உடம்பில் அதே இடத்தைத்தான் இதுவும் தொடுகிறது.

ச-ப மட்டும் போதாது

இந்த வகையைப் புரிந்துகொள்ளும் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மெட்டல் கித்தாரில் அடிக்கடி வரும் ஒலிக்கட்டுக்குப் பவர் கார்ட் என்று பெயர். அதில் இருப்பது இரண்டே ஸ்வரம், சட்ஜமும் பஞ்சமமும். தம்புராவில் கேட்கிறோமே, அதே ச-ப. அவற்றின் அதிர்வு விகிதம் 2:3. டிஸ்டார்ஷனில் இரண்டு ஒலிகளை ஒன்றாக ஏற்றினால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய ஒலிகளாகப் பிறக்கும். மூன்றிலிருந்து இரண்டைக் கழித்தால் ஒன்று. அதாவது சட்ஜத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சட்ஜம், யாரும் வாசிக்காமலே முளைத்துவிடுகிறது. 65 ஹெர்ட்ஸில் வாசித்தால் 33 ஹெர்ட்ஸ் சுமாரில் ஒரு நிழல். இந்த நிழல்தான் கனம்.

ஆனால் ச-ப மட்டும் இருந்தால் ராகம் தெரியாது. அது சோகமா உற்சாகமா என்று காட்டிக்கொடுப்பது காந்தாரம். சாதாரண காந்தாரம் வைத்தால் ஒரு நிறம், அந்தர காந்தாரம் வைத்தால் வேறு நிறம். சரி, காந்தாரத்தையும் அதே கித்தாரில் சேர்த்துவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். சட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் உள்ள விகிதம் 5:6 அல்லது 4:5. டிஸ்டார்ஷனில் இவற்றிலிருந்து முளைக்கும் ஒலிகள் ஒன்றோடு ஒன்று உரசுகின்றன. கேட்பதற்குச் சேற்றைக் கலக்கியது போல இருக்கும்.

ஆக, எந்தக் கருவி கனத்தைக் கொடுக்கிறதோ, அதே கருவி மெலடியைக் கெடுக்கிறது. மெட்டல்கோரில் கனமும் மெலடியும் முட்டிக்கொள்வதற்கு ரசிகர்களின் ரசனை பிறகுதான் காரணமாகிறது. முதல் காரணம் கம்பியும் ஆம்ப்ளிஃபயரும்.

இதற்குக் கண்டுபிடித்த வழி எளிமையானது, அழகானது. வேலையைப் பிரித்துக்கொள்வது.

1. தாழ்ந்த கித்தார்கள் ச-ப வைப் பிடித்துக்கொள்கின்றன. அவற்றை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்துப் பதிவுசெய்து, ஒன்றை இடது காதுக்கும் ஒன்றை வலது காதுக்கும் தள்ளிவிடுவார்கள். நடுவில் இடம் காலியாகிறது.

2. இரண்டு கித்தார்கள் மேல்ஸ்தாயியில் ஒரே மெட்டை, ஒன்றுக்கொன்று காந்தார தூரத்தில் வாசிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் என்பதால் டிஸ்டார்ஷனுக்குள் இரண்டும் கலப்பதில்லை. காதில்தான் சேர்கின்றன. காந்தாரமும் கிடைத்தது, சேறும் இல்லை. இந்த இரட்டைக் கித்தார் முறையை அயர்ன் மெய்டன் போன்றவர்கள் முன்பே பிரபலமாக்கியிருந்தார்கள். கோதன்பர்க் குழுக்கள் அதைக் கர்ஜனைக்கு அடியில் கொண்டுவந்து வைத்தன.

3. காலியான நடுவில் பாடும் குரல் வந்து உட்காருகிறது.

இந்த வகைக் கோரஸ்கள் பெரும்பாலும் மேற்கத்திய இயல்பான மைனர் ஸ்கேலில் அமைகின்றன. நம் கணக்கில் அது இருபதாவது மேளம் நடபைரவி. நம் சினிமாப் பாட்டுகளில் நிறையப் புழங்கிய ஸ்வரங்கள்தான். 'கோரஸ் மட்டும் தெரிஞ்ச பாட்டு மாதிரி இருக்கே' என்று முதல்முறை கேட்பவருக்குத் தோன்றுவது அதனால்தான்.

ஒரு தொண்டை, இரண்டு குரல்

குரல்வளையில் நாம் பாடப் பயன்படுத்தும் நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது. பொய்க் குரல்நாண்கள் என்று சொல்வார்கள். கர்ஜிக்கும் பாடகர்கள் பலர் மூச்சை அடிவயிற்றிலிருந்து தாங்கி, இந்த மடிப்புகளை அதிரவைக்கிறார்கள். பயிற்சி இல்லாமல் வெறுமனே கத்தினால் தொண்டை புண்ணாகும். பயிற்சி உள்ளவர்களுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. இதே குழுவின் முதல் பாடகர் ஜெஸ்ஸி லீச் 2018இல் குரல்நாண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார்.

கர்ஜனையில் நிலையான சுருதி கிடையாது. எனவே அதில் மெட்டைத் தேடினால் கிடைக்காது. அதை வாயாலேயே தாளச் சொற்கட்டு சொல்லும் கொன்னக்கோல் கேட்பது போலக் கேட்க வேண்டும். சொற்கட்டு எந்த அடியில் விழுகிறது, எங்கே இழுக்கிறது, எங்கே வெட்டுகிறது என்று பார்த்தால் கர்ஜனைக்குள்ளே ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும். அப்படிக் கேட்கத் தொடங்கிய பிறகு அதைக் கத்தல் என்று சொல்ல மனசு வராது.

பல மெட்டல்கோர் குழுக்களில் கர்ஜிக்க ஒருவர், பாட ஒருவர். ஆஸ் ஐ லே டையிங் குழுவில் முன்னணிப் பாடகர் கர்ஜிப்பார், பேஸ் கித்தார் வாசிப்பவர் பாடுவார். 'தி எண்ட் ஆஃப் ஹார்ட்ஏக்' ஆல்பத்தில் இரண்டையும் பிரதானமாகச் செய்வது ஒரே ஆள், ஹோவர்ட் ஜோன்ஸ். லீச் 2002இல் விலகிய பிறகு வந்தவர், இந்தக் குழுவுடன் அவருக்கு இதுதான் முதல் ஆல்பம். இந்த வித்தியாசம் சின்னது போலத் தெரியும். எனக்கு இந்த ஆல்பத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. இரண்டு ஆட்கள் என்றால் அது உரையாடல். ஒரே ஆள் என்றால், ஒருவனுக்கு உள்ளேயே நடப்பது. நம் ஊர்த் தெருக்கூத்தில் வேஷக்காரர் அடித்தொண்டையில் வசனம் பேசி மேடையை அதிரவைத்துவிட்டு, அதே மூச்சில் விருத்தம் எடுக்கும்போது அவர் வேறு ஆளாவதில்லை. அதே துரியோதனன்தான், அதே கர்ணன்தான்.

இந்த ஆல்பத்தில் எங்கே கவனிக்க வேண்டும்

மொத்தம் 12 துண்டுகள், ஏறக்குறைய முக்கால் மணி நேரம். குழுவின் கித்தார்க்காரர் ஆடம் டட்கீவிச்தான் தயாரிப்பாளரும். மிக்ஸிங், அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகளை அளவு பார்த்துச் சேர்க்கும் வேலை, செய்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆண்டி ஸ்னீப். தாழ்ந்த கித்தாரும் டிரம்ஸும் ஒன்றையொன்று மூடாமல் தனித்தனியாகக் கேட்பதற்கு அவர் கைதான் பெரிய காரணம்.

கனமான பகுதி நன்றாக இருக்கிறதா, மெலடிப் பகுதி நன்றாக இருக்கிறதா என்று தனித்தனியாக மார்க் போட வேண்டாம். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் இணைப்பைக் கேளுங்கள். தச்சர் செய்த கட்டிலில் பலகையை விட மூட்டைத்தானே தடவிப் பார்ப்போம்.

1. 'ரோஸ் ஆஃப் ஷாரின்' (நான்காவது). பாட்டு ஒரு வேகமான கித்தார் மெட்டோடு திறக்கிறது. மெலடி இங்கே கோரஸுக்காகக் காத்திருக்கவில்லை, முதல் நொடியிலேயே கித்தாரில் வந்துவிட்டது. இழந்தவரை நினைத்துப் பாடும் பாட்டு. மரத்துப்போய் உடைந்து தனியாக நிற்பதைச் சொல்லும் வரிகள் கர்ஜனையில் வருகின்றன. அந்த முகத்தையும் சிரிப்பையும் நினைக்கும் வரிகள் பாடும் குரலில் வருகின்றன. சாவு வீட்டுக்குப் போய்வந்த நமக்கு இது அந்நியமே இல்லை. வாசலில் பறை அடித்துக்கொண்டிருக்கும். உள்ளே மேலிருந்து கீழே இறங்கும் மெட்டில் ஒப்பாரி, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் விம்மல். பறையை நிறுத்திவிட்டால் ஒப்பாரி நன்றாகக் கேட்கும் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. அந்த அடி இல்லாமல் அந்த அழுகைக்கு நிற்க இடமில்லை.

2. 'இன்ஹேல்', 'பிரீத் லைஃப்' (ஐந்து, ஆறு). முதலாவது குரலே இல்லாத சின்ன வாத்தியத் துண்டு. தலைப்பின் பொருள் மூச்சை உள்ளிழுத்தல். அடுத்த பாட்டின் தலைப்பு உயிரை ஊதுவது. நான்கு பாட்டு அடிவாங்கிய காதுக்கு ஓர் ஓய்வு, ஓய்வுக்குப் பின் மறுபடி அடி. பலரும் இந்தத் துண்டைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். காது ஓயாமல் கனம் கேட்டால் சீக்கிரமே அதைக் கனமாக உணர்வதை நிறுத்திவிடும். பத்தாவதாக வரும் 'அண்ட் எம்பர்ஸ் ரைஸ்' துண்டுக்கும் இதே வேலை. அதற்கு முந்திய பாட்டின் தலைப்பில் உலகம் பற்றி எரிகிறது, இதில் கங்குகள் மேலெழுகின்றன.

3. தலைப்புப் பாட்டு (ஏழாவது). டிஸ்டார்ஷன் இல்லாத கித்தாரில் மெதுவாகத் தொடங்கி, பிறகு முழு எடையோடு இறங்குகிறது. பிரிவைப் பற்றிய பாட்டு, பெரும்பகுதி பாடும் குரலில்தான் போகிறது. இந்த ஒரு பாட்டை மட்டும் கேட்டுவிட்டு 'இவர்கள் மெலடிக் குழு' என்று முடிவுகட்டியவர்கள் நிறைய. ஆனால் கோரஸ் வரும்போது கித்தார்கள் ஒதுங்குவதில்லை, அடியில் அதே ச-ப தடிமனாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை குரலை விட்டுவிட்டு அதை மட்டும் கேளுங்கள். கோரஸ் அவ்வளவு அகலமாக ஒலிப்பது ஏன் என்று தெரிந்துவிடும்.

அதன் பிறகு நடந்தது

அமெரிக்காவின் ஆல்பம் தரவரிசையான பில்போர்ட் 200 பட்டியலில் இந்த ஆல்பம் 21ஆவது இடத்தில் நுழைந்தது. தலைப்புப் பாட்டு 2005 கிராமி விருதுகளில் சிறந்த மெட்டல் நிகழ்த்துகைக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2007இல் அங்கே ஐந்து லட்சம் பிரதிகளுக்கான தங்கச் சான்று கிடைத்தது. கர்ஜனை உள்ள ஓர் ஆல்பத்துக்கு இவை பெரிய எண்கள்.

வெற்றி வந்தால் நகலும் வரும். கர்ஜிக்கும் சரணம், பாடும் கோரஸ், முடிவில் பிரேக்டவுன் என்ற வரிசையைச் சூத்திரமாக எடுத்துக்கொண்டு ஏராளமான குழுக்கள் முளைத்தன. பலவற்றில் கோரஸை வெட்டி எடுத்து வேறு பாட்டில் ஒட்டினாலும் வித்தியாசம் தெரியாது. 'மெலடி வந்ததும் ஹெவி போச்சு' என்ற குற்றச்சாட்டு அந்த நகல்களுக்குப் பொருந்தும். அதை மூலத்தின் மேல் சுமத்துவது நியாயமல்ல.

நல்ல வழியில் கொண்டுபோனவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பார்க்வே டிரைவ் தன் முதல் இரண்டு ஆல்பங்களுக்கும் தயாரிப்பாளராக டட்கீவிச்சையே அழைத்தது. இங்கிலாந்தின் பிரிங் மீ தி ஹொரைசன் 2013இல் 'செம்பிடர்னல்' ஆல்பத்தில் மெலடி வேலையில் பாதியைக் கீபோர்டுக்குக் கொடுத்தது. டெல்லியின் பிளட்டிவுட் 2022இல் 'ரக்ஷக்' ஆல்பத்தில் டோல் என்ற வடநாட்டு மேளத்தையும் புல்லாங்குழலையும் தாழ்ந்த கித்தாருக்குப் பக்கத்தில் வைத்தது. டோல் அங்கே போக முடியுமென்றால் பம்பையும் உடுக்கையும் போக முடியும். அதைச் செய்யும் ஒரு குழு நம் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

கேட்கும் கருவி மாறினால் ஆல்பமும் மாறும்

தொடக்கத்தில் சொன்ன சண்டைக்கு ரசனை மட்டும் காரணமில்லை. இரண்டு நண்பர்களும் உண்மையில் வேறு வேறு ஒலியைக் கேட்டிருக்கலாம்.

1. போன் ஸ்பீக்கர். அந்தச் சின்னத் தகட்டால் தாழ்ந்த அதிர்வுகளை உருப்படியாக எழுப்ப முடியாது. 65 ஹெர்ட்ஸ் என்பது அதன் எல்லைக்கு வெகு கீழே. மேலே மிச்சமிருக்கும் ஒலிகளை வைத்து மூளை சுருதியை ஊகித்துக்கொள்ளும். எடை மட்டும் வராது. கர்ஜனை எரிச்சலாகவும் கோரஸ் மட்டும் பாட்டாகவும் தெரியும்.

2. சப்வூஃபரை ஏற்றிவைத்த ஹோம் தியேட்டர். இங்கே நேர் எதிர். கால்மிதி டிரம் சுவரை உதைக்கும், மேலே ஓடும் இரட்டைக் கித்தார் மூழ்கிப்போகும். கேட்டவர் 'வெறும் இடி' என்பார். பேஸை நடுவுக்குக் கொண்டுவந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

3. பஸ். எஞ்சின் உறுமலும் டயர் இரைச்சலும் தாழ்ந்த ஒலிகளிலேயே உட்கார்ந்திருக்கின்றன. கித்தாரின் கனம் இருக்க வேண்டிய அதே இடம். காதில் இயர்போன் இருந்தாலும் அந்தப் பகுதியை எஞ்சின் தின்றுவிடுகிறது. அதை ஈடுகட்ட வால்யூமை ஏற்றுவது காதுக்குக் கெடுதி, கனமும் திரும்பி வராது.

எனவே முதல் தடவை வீட்டில், ராத்திரி, காதை முழுக்க மூடும் ஹெட்போனில், நடுத்தர வால்யூமில் கேளுங்கள். பாட்டு வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கர்ஜனையில் எந்த வார்த்தை எந்த அடியில் விழுகிறது என்பது அப்போதுதான் பிடிபடும். இரண்டாவது தடவை வரியை மூடிவைத்துவிட்டு இடது கித்தாரை மட்டும், அப்புறம் வலது கித்தாரை மட்டும் பின்தொடருங்கள்.

மூன்றாவது தடவை பஸ்ஸில் கேட்டாலும் பரவாயில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் 50 கிலோமீட்டர் சுமார், ஆல்பம் அதற்குள் முடிந்துவிடும். ஊர் தாண்டும்போது தொடங்கினால், சூளகிரிக்குக் கொஞ்சம் முன்னால் தலைப்புப் பாட்டு வரும். எஞ்சின் எவ்வளவு உறுமினாலும், வீட்டில் கேட்ட அந்தத் தாழ்ந்த ச-ப கோரஸுக்கு அடியில் எங்கே ஓடுகிறது என்று அப்போது உங்கள் காதுக்கே தெரிந்திருக்கும்.